ஓலைக்கட்டும் எஸ்.எஸ்.டி.யும்: மைசூரிலிருந்து ஒரு பார்வை

மைசூர் என்றதும் தசராவும் மல்லிகையும் மைசூர்பாகும் நினைவுக்கு வரும். ஏடு நினைவுக்கு வருவது சிலருக்குத்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரில் மளிகைச் சரக்கு வியாபாரம் செய்துகொண்டு, கடை அடைத்த பிறகு கல்வெட்டும் சுவடியும் புரட்டிக்கொண்டிருக்கும் எனக்கோ மைசூர் ஒரு பெரிய ஏட்டுப் பெட்டியாகவே தோன்றுகிறது.

வழக்கம்போல் இம்மலருக்குச் சமணக் கல்வெட்டு பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நம் இளைஞர்கள் இருவர் கடைக்கு வந்தார்கள். "ஐயா, சங்கத்து பழைய மலரையெல்லாம் ஸ்கேன் பண்ணப் போறோம். ஒரு வெளி எஸ்.எஸ்.டி. வாங்கி, ஆபீஸ் டெஸ்க்டாப்பிலே போட்டு ஏத்திட்டு, அதை பீரோவிலே வெச்சிட்டா நூறு வருஷத்துக்குக் கவலை இல்லைதானே?" என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல எண்ணம். ஆனால் அவர்கள் சொன்னதில் 'ஒரு', 'பீரோ' என்ற இரண்டு சொற்கள் என்னை உறுத்தின. இது கம்ப்யூட்டர் கேள்விபோலத் தோன்றினாலும் உண்மையில் வரலாற்றுக் கேள்வி. ஆகவே இவ்வாண்டு இதையே எழுதுகிறேன்.

தஞ்சையிலிருந்து வந்த கட்டு

பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், 1891-ல் மைசூரில் கீழ்த்திசை நூலகம் தொடங்கப்பட்டது. இன்று ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது அதுவே. அந்நூலகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் புரட்டிப் பார்த்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதுவே என்று 1905-ல் அடையாளம் கண்டவர் ஆர். சாமசாஸ்திரி. 1909-ல் மூலத்தை அச்சிட்டார். 1915-ல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். அதற்கு முன் அந்நூலைப் பற்றிப் பிற நூல்களில் வரும் குறிப்புகளைக் கொண்டே அறிஞர்கள் பேசிவந்தனர்.

இதில் நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வடநாட்டு நூல் ஒன்று தமிழ்நாட்டில் கிரந்த எழுத்தில் படியெடுக்கப்பட்டுக் கன்னட நாட்டில் வந்து உயிர் பிழைத்தது. அந்தப் பண்டிதர் கட்டை வீட்டுப் பரணிலேயே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளைக் காவிரியில் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. ஏடு பிழைப்பது இடம் பெயர்வதால்தான் என்று நான் அடிக்கடி சொல்வேன். நாமெல்லாம் இடம் பெயர்ந்தவர்கள் என்பதால் சொல்கிற சமாதானம் அல்ல இது.

இரண்டாவது சான்று கல்வெட்டுத் துறை. 1886-ல் சென்னை அரசாங்கம் கல்வெட்டாய்வாளராக ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரை நியமித்தது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல் வெளியாயிற்று. அன்று முதல் ஊர் ஊராகச் சென்று எடுத்த மைப்படிகள் குவிந்துகொண்டே வந்தன. மைப்படி எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்கி, மேலே மையை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாய் நிற்கும். கல் இருக்கிற இடத்திலேயே இருக்க, எழுத்து மட்டும் சுருட்டித் தூக்கிவரும் பொருளாகிவிடும். என் கணக்கில் அதுவும் வெளியிலிருந்து இணைக்கும் சேமிப்புத்தான்!

அந்த அலுவலகம் ஊட்டியிலிருந்து 1966-ல் மைசூருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு பூசியும் மணல் வீசியும் கல்லைப் பிரித்து மாற்றி வைத்தும் சிதைந்த கல்வெட்டுகள் பல. அவற்றுக்கெல்லாம் மைசூரில் இருந்த காகிதமே எஞ்சிய சாட்சி. அந்தக் காகிதமும் காலத்தால் பழுத்து நொறுங்கக்கூடியது என்பதால் கவலை எழுந்தது, வழக்கும் வந்தது. தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன்பின் படிகள் பகுதி பகுதியாகச் சென்னைக்குப் போயின. மைசூர்த் தமிழன் என்ற முறையில் எனக்கு இதில் சிறு வருத்தமும், தமிழன் என்ற முறையில் பெரிய மகிழ்ச்சியும் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். எந்த ஊரில் வைப்பது என்ற வாதம் ஒற்றைப் படிக்குத்தான் வரும். நான்கு படி இருந்தால் நான்கு ஊரிலும் வைத்துவிட்டுப் போகலாமே!

ஒரு படியும் ஆயிரம் படியும்

எங்கள் சமணத்தில் சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. நூலைப் படியெடுத்துப் பிறர்க்குக் கொடுப்பது அன்னதானத்தோடு வைத்து எண்ணப்படும் அறம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் ஓலைக்கட்டு! 'தானசிந்தாமணி' என்ற பட்டம் சும்மா வரவில்லை.

இதற்கு மறுதலையாக ஒன்றைக் காட்டுகிறேன். வீரசேனர் 816-ல் முடித்த தவளம் என்னும் பேருரை நீண்ட காலம் தென் கன்னட மூடுபித்ரியில் ஓலையாகப் பூட்டிக் காக்கப்பட்டது. வணங்கினார்கள், பிறர் படிக்க வழியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் படியெடுப்பு தொடங்கியது. பல ஆண்டுகள் கையால் எழுதினார்கள். ஹீராலால் ஜெயின் பதிப்பில் முதல் தொகுதி அச்சேறிய ஆண்டு 1939. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரு பேரறிவு ஒரு பெட்டியை நம்பி இருந்தது என்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த நூல் தப்பியது. தமிழில் வளையாபதி தப்பவில்லை. ஐம்பெருங்காப்பியத்துள் சமணர் செய்தது. இன்று கையில் இருப்பவை எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்களே, அவையும் பிற நூல்களின் உரைகளிலும் தொகைகளிலும் எடுத்தாளப்பட்டவை. சிந்தாமணி பிழைத்ததற்குக் காரணம், அதைப் பல வீடுகளில் படித்துவந்ததுதான். உ.வே. சாமிநாதையர் 1887-ல் அதைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்கள் ஏடு கொடுத்தும் பொருள் சொல்லியும் உதவினர். யாழ்ப்பாண நூலகத்தையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. 1981 ஜூன் முதல் நாளில் எரிந்த அந்நூலகத்தில் நூல்களும் சுவடிகளுமாகச் சுமார் 97,000 இருந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன.

மேசைக் கணினிக்கு வெளியே ஒரு பெட்டி

இனி இளைஞர்களின் பெட்டிக்கு வருவோம். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி ராமாக் என்ற கணினியோடு முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. ஐம்பது தட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். எடை ஏறத்தாழ ஒரு டன். கொண்டது ஐம்பது லட்சம் எழுத்து, அதாவது இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவு. பிறகு பிளாப்பி வந்தது. 1994-ல் ஸிப் டிரைவ், அப்புறம் சி.டி., பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாக வந்தன. நம் அலமாரிகளில் இவை எல்லாமே இன்னும் கிடக்கும்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. அதன்மேல் தொடாமல் மிதக்கிற ஊசி படிக்கும். கீழே விழுந்தால் ஊசி தட்டைக் கீறிவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிற்றறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். அறைக்குள் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதே எழுத்து. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் கண்ட பிளாஷ் நினைவகம் இது. இன்று வழங்கும் நாண்ட் வகை 1987-ல் வெளிப்பட்டது. 1991-ல் சான்டிஸ்க் கம்பெனி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்த எஸ்.எஸ்.டி. கொண்டது 20 எம்.பி.; விலை ஆயிரம் டாலர் அளவில். இன்று சட்டைப்பையில் போடுகிற 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ஏறக்குறைய ஏழு லட்சம் பிளாப்பிகளுக்குச் சமம்.

டெஸ்க்டாப்போடு இதைப் பயன்படுத்துவதில் சில நுணுக்கங்கள் உண்டு. கடைக்காரர் சொல்லமாட்டார், அவருக்கு நேரமில்லை. முதலாவது, எந்தத் துளையில் செருகுகிறோம் என்பது. டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்கத் துளை பல பழைய கணினிகளில் யு.எஸ்.பி. 2 வகை; உள்ளே மெல்லிய ஒயர் வழியாகப் போவது. பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே இருப்பவை. உள்ளே நீல நாக்குத் தெரிந்தால் பெரும்பாலும் அது யு.எஸ்.பி. 3. இந்த வேறுபாட்டின் அளவைக் கணக்காகச் சொல்கிறேன். யு.எஸ்.பி. 2-ல் நடைமுறையில் நொடிக்கு 35 எம்.பி. போகும், 100 ஜி.பி. ஏற்ற முக்கால் மணிக்கு மேல் ஆகும். 2008-ல் வந்த யு.எஸ்.பி. 3-ல் நொடிக்கு 400 எம்.பி. வரை போகும்; அதே 100 ஜி.பி. நாலு ஐந்து நிமிஷம். இரண்டு மடங்கு விலை கொடுத்து எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டுப் பழைய துளையில் செருகினால், குதிரையை வாங்கி மாட்டு வண்டியில் கட்டிய கதைதான். கேபிளும் அப்படியே. செல்போன் சார்ஜருக்கு வந்த கேபிள் பொருந்தும். ஆனால் வேகம் போய்விடும். பெட்டியோடு வந்த கேபிளை அந்தப் பெட்டியோடேயே கட்டி வையுங்கள்.

வீட்டில் ஒருவர் விண்டோஸ், பிள்ளைகள் ஆப்பிள் மேக் என்று இருந்தால், டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் ஃபார்மட் செய்யவேண்டும், இரண்டிலும் எழுதலாம். பழைய ஃபேட் 32 வேண்டாம், அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க இயலாது. கல்யாண வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம்: எழுதும்போது நடுவே பிடுங்கினால் அட்டவணை கலைந்துபோகும். 'எஜெக்ட்' கொடுத்த பிறகே எடுக்கவேண்டும். டெஸ்க்டாப்புக்குப் பேட்டரி கிடையாது என்பதையும் மறவாதீர்கள். யு.பி.எஸ். இல்லாத கணினியில் மின்சாரம் போகும் மாலை வேளையில் பெரிய படியெடுப்பு தொடங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

வியாபாரியாக ஓர் எச்சரிக்கை. 16 டி.பி. எஸ்.எஸ்.டி. இரண்டாயிரம் ரூபாய் என்று விளம்பரம் கண்டால் ஒதுங்கிப் போங்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவைக் காட்டும்படி ஏமாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பும்வரை ஏற்றுக்கொண்டதாகவே நடிக்கும். பிறகு பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. புதுப் பெட்டி வாங்கியதும் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. படியில் அளந்து பார்க்காமல் மூட்டை எடுப்போமா?

அடைத்த மின் கசியும்

இப்போது 'பீரோ' என்ற சொல்லுக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான்.

எஸ்.எஸ்.டி.யின் அறைகளில் அடைபட்ட மின்னூட்டம் என்றைக்கும் அப்படியே நிற்பதில்லை. மெல்ல மெல்லக் கசியும். மின்சாரம் தொடாமல் நெடுங்காலம் கிடந்தால் ஒரு நாள் எழுத்து அழியும். ஜெடெக் என்ற தொழில் அமைப்பின் தரநிலையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. எழுதித் தேய்ந்து ஆயுள் எல்லையைத் தொட்ட சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்கிறது அது. புதுப் பெட்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மையே. ஆனால் வெப்பம் ஏறினால் காலம் குறையும். மைசூர் தேவலாம்; வேலூர், வந்தவாசிப் பக்கத்து மே மாதத்தில் தகரக் கூரை அறைக்குள் இருக்கும் இரும்பு பீரோவை நினைத்துப் பாருங்கள். நூறு வருஷம் எங்கே, தரநிலையே பேசுவது எங்கே!

எஸ்.எஸ்.டி.க்கு வேறொரு குணமும் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். இது பேசாமல் போகும். டிரிம் என்ற ஏற்பாடு வேலை செய்யும் கணினியில் அழித்த கோப்பின் அறைகளை அது தானே துடைத்துவிடும். ஆகவே தவறி அழித்ததை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். வேலை செய்ய இதைப் போல ஒன்று கிடையாது. படம் திருத்த, வீடியோ வெட்ட, பழைய டெஸ்க்டாப்பின் நிரம்பிய டிஸ்க்குக்கு உதவியாக வைக்க, ஊருக்கு எடுத்துப்போக எல்லாவற்றுக்கும் நல்லது. பூட்டி வைத்து மறந்துவிடுவதற்கு மட்டும் ஏற்றதல்ல.

அப்படியானால் என்ன செய்வது? இதற்கு விடை நம் பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளைச் சமணர் சுருத பஞ்சமி என்று கொண்டாடுவர். கிர்நார் மலையில் தரசேனர் என்ற முதிய ஆசிரியர், வாய்வழி வந்த ஆகமம் தம்மோடு மறைந்துவிடுமே என்று அஞ்சி, புஷ்பதந்தர், பூதபலி என்ற இரு மாணாக்கர்க்கு அதை ஓதுவித்தார். புஷ்பதந்தர் இக்கன்னட நாட்டு வனவாசிக்கு வந்து நூலைத் தொடங்கினார் என்றும், பூதபலி திரமிள தேசம் எனப்படும் நம் தமிழ்நாட்டில் இருந்து அதைத் தொடர்ந்து முடித்தார் என்றும் மரபு கூறுகிறது. நூல் எழுத்தில் நிறைவேறிய நாள் சுருத பஞ்சமி. கன்னட நாட்டிலே பாதி, தமிழ் நாட்டிலே மீதி என்று எழுதப்பட்டதை நினைக்கும்போது, மைசூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு தனி நெகிழ்ச்சி உண்டாகிறது.

அன்று பூசை மட்டும் நடப்பதில்லை. ஏடுகளை வெளியே எடுப்பர், தூசி தட்டுவர், நிழலில் காற்றாட வைப்பர், பூச்சி அரித்ததைப் பிரிப்பர், புதுத் துணியில் கட்டுவர். நொந்துபோன ஏடுகளைப் புதிதாகப் படியெடுக்க ஆள் அமர்த்துவதும் இதையொட்டியே நடந்தது. ஓலைக்கு நம் சீதோஷ்ணத்தில் இருநூறு முந்நூறு ஆண்டே ஆயுள் என்பது முன்னோர்க்குத் தெரியும். ஓலை நிலைக்கும் என்று நம்பி அவர்கள் காக்கவில்லை. அழியும் என்று தெரிந்தே காத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கட்டவிழ்க்கும் அந்த நாளை எஸ்.எஸ்.டி.க்கும் வைத்துக்கொள்ளலாம். சமணர் அல்லாதார்க்குச் சரஸ்வதி பூசை இருக்கவே இருக்கிறது. புத்தகத்தோடு பெட்டியையும் எடுத்து வைத்துப் பொட்டிட்டு, மறுநாள் விஜயதசமியன்று டெஸ்க்டாப்பில் செருகுங்கள்.

செருகி விளக்கெரிந்தால் மட்டும் போதாது. கோப்பு முழுவதையும் கணினி ஒரு தரம் படிக்கவேண்டும். வேறொரு டிஸ்க்குக்குப் படியெடுத்தால் படித்ததும் ஆயிற்று, புதுப் படியும் ஆயிற்று. படி சரியா என்று பார்க்கவும் வழியுண்டு. ஓலைக் காலத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் படியைப் பார்த்துத் திருத்துவார். அப்படிச் செய்தும் கொம்பும் காலும் புள்ளியும் மாறிப் பாடபேதம் பெருகிற்று. கணினியில் ஹாஷ் என்று ஒன்று இருக்கிறது. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணைத் தரும். அதைக் கோப்பின் கைரேகை எனலாம். ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். மூலத்தின் கைரேகையும் படியின் கைரேகையும் ஒன்றானால் இரண்டுக்கும் பேதமே இல்லை. ஏடெழுதியவர் எவருக்கும் கிட்டாத வசதி இது. விண்டோஸிலேயே இதற்கான கட்டளை உள்ளது. பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள்.

எத்தனை படி என்பதற்குப் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று படி, இரண்டு விதப் பொருளில், ஒன்று வெளியூரில். வியாபாரிக்கு இது புதிதல்ல. நாள்வழி கடையிலும் பேரேடு வீட்டிலும் இருந்த காலம் எனக்குத் தெரியும். "தாத்தா, கிளவுட்லே போட்டா போதாதா, எதுக்கு இவ்ளோ பெட்டி?" என்று பேத்தி கேட்டாள். போடு, அதுவும் ஒரு படிதான் என்றேன். ஆனால் கிளவுட் என்பது வேறொருவர் கிடங்கில் நம் சரக்கு. வாடகை நின்றாலும், பாஸ்வேர்டு தெரிந்தவர் போய்ச் சேர்ந்தாலும், கிடங்கு திறக்காது.

எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை

இன்னொரு கண்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களின் கடைசியில் சமணப் பள்ளிகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்து, ஒரு மலருக்கு எழுதிக் கொடுத்தேன். அச்சகத்தாரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி அவர்களிடம் இருந்தது போயிற்று. எனக்குத் தந்த பிளாப்பி மட்டும் பத்திரமாக இருந்தது. பல ஆண்டு கழித்து யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் ஒன்றை டெஸ்க்டாப்பில் செருகித் திறந்தோம். கோப்பு நன்றாகவே திறந்தது. ஆனால் திருநாதர்குன்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியுமாகக் கூளம்! அச்சகத்தார் பயன்படுத்திய ஃபாண்ட் இல்லாமல் அது தமிழாகத் தெரியாது. அந்நாளில் ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு முறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று தரப்படுத்த முயன்றார்கள். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தும், தமிழ்நாட்டு அரசு அதை முறையாக ஏற்றது 2010-ல். எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு என் பட்டியலை இரண்டு மாலைகளில் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம்.

கிரந்த எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் மைசூரில் இருந்ததால்தான் அர்த்தசாஸ்திரம் அச்சேறியது. பெட்டியைக் காத்தால் பாதி வேலை. அதைப் படிக்கிற திறவுகோலையும் காக்கவேண்டும். நம் பழைய மலர்களின் பேஜ்மேக்கர் கோப்புகளை அப்படியே எஸ்.எஸ்.டி.யில் ஏற்றாமல், பக்கங்களைப் பி.டி.எஃப். ஆகவும், எழுத்தை யூனிகோடில் வெறும் உரைக்கோப்பாகவும் ஏற்றவேண்டும் என்று இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டு ஏற்பாடு

வந்தவாசிப் பக்கத்து எங்கள் வீட்டில் ஸ்ரீபுராண ஏடு ஒரு கட்டு உண்டு. பாட்டனார் காலத்துக்கு முந்தியது. அதை இலை இலையாக இருபுறமும் படம் எடுத்தோம். படம் ஒன்று 25 எம்.பி. வீதம் அறுநூறு படம். மொத்தம் 15 ஜி.பி. மூலப்படம் மைசூர் வீட்டு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. வேலை செய்வது அதன் பின்பக்கத்தில் செருகிய எஸ்.எஸ்.டி.யில், ஒரு படி சாதாரண ஹார்ட் டிஸ்க்கில், ஊரில் தம்பி வீட்டில். பொங்கலுக்குப் போகும்போது இங்கிருந்து புதுப் படி காவேரி எக்ஸ்பிரஸில் என் கைப்பையில் போகும். பழையது திரும்பி வரும். தபாலில் அனுப்புவதில்லை. ஓலைக்கட்டு மட்டும் ஊரிலேயே இருக்கிறது, அதன் இடம் அது.

பழைய ஏடு எழுதினவர்கள் கடைசி இலையில் வருஷப் பெயர், மாதம், தேதி, எழுதினவர் பெயர், யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது, யாருக்காக எழுதியது என்பதையெல்லாம் குறித்து வைப்பார்கள். அதே வரிசையில் ஒரு சிறு உரைக்கோப்பு எழுதி, 'முதலில் படிக்க' என்று பெயரிட்டு, எஸ்.எஸ்.டி.யைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். படம் எடுத்த தேதி, கேமரா, மொத்தப் படங்கள், ஒவ்வொன்றின் கைரேகை எண், கடைசியாகச் சரிபார்த்த சுருத பஞ்சமி, மற்றப் படிகள் இருக்கும் இரண்டு முகவரிகள் எல்லாம் அதில் உண்டு. அதையே ஒரு பக்கம் அச்செடுத்து, மடித்து, பெட்டியோடு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். மின்சாரம் இல்லாத நேரத்திலும் அதைப் படிக்கலாம்.